சேத மதிப்பீடு

தானே புயல் போய்ப் பன்னிரண்டாம் நாள்
முதுநகரில் ஒரு கிட்டங்கி. கூரை இல்லை.
நனைந்த உர மூட்டை நாற்பத்திரண்டு,
தராசு ஒன்று, இரும்பு அலமாரி இரண்டு
எழுதிக்கொண்டே வந்தேன்.
அலமாரிக்குப் பின்னால்
சுவரைப் பார்த்தபடி ஒரு படம்.

"இதையும் போடுங்க மேடம்.
வெள்ளைக்காரன் வரைஞ்சது.
எங்க வாப்பா
வாடகைக்குப் பதிலா வாங்கிக்கிட்டாராம்"
என்றார் செய்யது மரக்காயர்.
ஓரத்தில் எச். பென்னல், 1936.

இரவு தேடியதில் ஒரு பத்தி கிடைத்தது.
பிறந்தது நிலக்கரி ஊர்.
கடலூர்த் துறைமுகத்தில் சுங்கக் கணக்கு, ஒன்பது வருஷம்.
யுத்தத்தில் குண்டு விழுந்த லண்டன் தெருக்களை வரைந்து
பெயர் வந்தது.
தெருக்களைத் திரும்பக் கட்டியதும்
பெயர் போனது.
பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார்,
அறுபத்தெட்டில் சாவு.
'இந்திய ஆண்டுகள்: சொல்லும்படி எதுவுமில்லை.'

சொல்லும்படி எதுவுமில்லாத ஆண்டுகளின்
ஓர் ஐப்பசி
என் செல்போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன்.
கெடிலம்.
தென்னை இல்லை, கோபுரம் இல்லை,
குடம் தூக்கிய பெண் இல்லை.
கரைக்குக் கரை செம்பழுப்பு.
ஓடம் ஒன்று, அதுவும் பாதி,
சட்டத்தை விட்டு
வெளியே போய்க்கொண்டிருந்தது.

பின்பக்கம் பென்சிலில் கணக்கு.
அஞ்சாப்புலி, ஓடக்கூலி, நாலணா.
அஞ்சாப்புலி, நாலணா.
பதினேழு தடவை.
கடைசி வரியில் காசு இல்லை,
ஆள் மட்டும். எழுத்துக் கூட்டிய தமிழில்:
'அஞ்சாபுலி நெரம் செரி எண்ரான்.'

அதற்கப்புறம் அவர் ஆற்றை வரைந்தாரா
தெரியாது.

படிவம் கேட்கிறது.
பொருள்: படம்.
சேதக் காரணம்: தண்ணீர்.
சேத அளவு:
எந்தப் பழுப்பு பென்னல் இட்டது
எந்தப் பழுப்பு புயல் இட்டது
கேட்டுச் சொல்ல
அஞ்சாப்புலி இல்லை.
கட்டத்தைக் காலியாக விட முடியாது.
எழுபத்தைந்து வருஷத் தேய்மானம் கழித்தால்
விதிப்படி பூஜ்யம்.

மறுநாள் சொன்னேன்.
மரக்காயர் கோபப்படவில்லை.
"அப்ப மூட்டைக்காவது முழுசாப் போடுங்க"
என்றபடி
படத்தை வெயிலில் சாய்த்து வைத்தார்,
ஓடம் போகிற பக்கம்
கொஞ்சம் இடம் விட்டு.