நாக்கில் இரும்பு

மாத்திரையை நிறுத்தி ஏழு மாதமாகிறது.
பாதி, பாதியில் பாதி,
கடைசியில் பிளேடு முனையில் ஒட்டிய வெள்ளைப் பொடி என்று
டாக்டர் போட்டுக் கொடுத்த கணக்குப்படி
ஒன்றரை வருடம் எடுத்துத்தான் இறங்கினேன்,
மேட்டுப்பாளையம் பஸ் இறங்குவதுபோல
ஒவ்வொரு கொண்டை ஊசியாக.
சமவெளி வந்த பிறகும்
தலைக்குள் யாரோ வளைவு திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

எனக்குத் தேயிலை ருசிக்கும் வேலை.
கட்டபெட்டுக்குக் கீழே ஒரு ஃபாக்டரி.
காலை ஒன்பதரைக்கு நாற்பது கோப்பை.
உறிஞ்சி, உருட்டி, துப்பி
"சாறு மெலிசு", "அடுப்பு கூடிப்போச்சு",
"பரவாயில்ல, அனுப்பு" என்று எழுத வேண்டும்.
ஏழு மாதமாக நாற்பதிலும் ஒரே ருசி:
பள்ளிக்கூடக் குழாயில் வாய் வைத்துக் குடித்த
துருத் தண்ணீர்.

பெள்ளியண்ணன் எனக்கு முன்னால் ருசிப்பார்.
அவர் புருவத்தைப் பார்த்து நான் எழுதிக்கொள்கிறேன்.
மேனேஜருக்குத் தெரியாது.
பெள்ளியண்ணனுக்குத் தெரியும்.
இப்போதெல்லாம் புருவத்தைக்
கொஞ்சம் அதிகமாகவே தூக்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாக்டரி மூடியிருக்கும்.
என் காதுக்குள் மட்டும் வாட்டுத்தொட்டி விசிறி
விடுமுறையில்லாமல் ஓடும்.
உள்ளங்காலில் எறும்பு ஊறும்.
விளக்கைப் போட்டுப் பார்த்தால் எறும்பு இல்லை,
போட்ட விளக்கு கண்ணைக் குத்தும்.
போன புதன்கிழமை முழுக்க நன்றாக இருந்தேன்.
போர்வை துவைத்தேன், பீட்ரூட் பொரித்தேன்,
திருப்பூருக்குப் போன் போட்டு அக்காவிடம் சிரித்தேன்.
வியாழக்கிழமை பால்காரருக்குச் சில்லறை எண்ணும்போது
ஐந்து ரூபாய் கையிலிருந்து தானாக உருண்டது.

"அதான் விட்டாச்சுல்ல, இன்னும் என்னடி?" என்பாள் அக்கா.
"நரம்புக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி ஜாஸ்தி" என்பார் டாக்டர்.
"போயிடும். தேதி மட்டும் கேட்காதீங்க."
மருந்துக்கடை சகாயராஜ்
என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில்
மூன்றாவது இழுப்பறையைத் திறந்துவிடுவான்.
"பல்பொடிதான் சகாயம்."
"அய்யோ, சாரிக்கா."
அந்த இழுப்பறை மூடும் சத்தத்தை
வீடுவரை கொண்டு வருவேன்.

ராத்திரி மூன்று பத்துக்கு நெஞ்சு எழுப்பும்.
தீப்பிடித்ததுபோல அடிக்கும்.
எங்கே தீ என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
கடன் இல்லை, கேஸ் மூடியிருக்கிறது,
கதவைத் தாழ் போட்டது நினைவிருக்கிறது,
இரண்டாவது தடவை போய்ப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

நேற்றும் மூன்று பத்து.
உறைபனி விழும் குளிர்.
வெளியே கக்கூசுக்குப் போகக் கதவைத் திறந்தேன்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருட்டு
மூச்சு விட்டது.

காட்டெருமை.
பத்தடி இருக்கும்.
கொம்பில் யார் வீட்டுக் கொடிக்கயிறோ தொங்கியது.
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை,
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைபோல.

நெஞ்சு அடித்தது.
அதே அடிதான், ஆனால் இந்தத் தடவை
விரல் நீட்டிக் காட்ட ஒன்று இருந்தது.
இதோ, இதற்குத்தான். சரியாகச் சொன்னாய்.
ஏழு மாதத்தில் முதல்முறையாக
நானும் என் உடம்பும் ஒரே பொருளைப் பார்த்துப் பயந்தோம்.

அது தொட்டியில் மிச்சம் குடித்தது,
என்னைப் பெரிதாக மதிக்காமல்
தேயிலைக்குள் இறங்கிப் போனது.
நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அடி குறைந்தது, இன்னும் குறைந்தது.
உத்தேசமாக ஆறு நிமிடம்,
தேயிலை ஊற நான் மணி வைக்கும் அதே ஆறு.
இறங்கத் தெரிந்துதான் இருக்கிறது இதற்கு.
கக்கூசுக்குப் போக வந்ததே
அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

காலையில் நாற்பது கோப்பை. துரு, துரு, துரு.
பதினேழாவதில் துருவுக்கு அடியில்
என்னவோ தட்டியது, அல்லது தட்டியதாக ஆசைப்பட்டேன்.
புருவம் பார்க்காமல், அவருக்கு முன்னாலேயே எழுதினேன்:
"லேசாகப் புகை."

பெள்ளியண்ணன் உறிஞ்சினார், துப்பினார்,
நோட்டை எட்டிப் பார்த்தார்.
"புகை இல்ல தவமணி" என்றார்.
அடித்துவிட்டு
பதினெட்டாவது கோப்பையை எடுத்தேன்.