மோதிரவிரல் நகம்

நீடாமங்கலம் கேட்டில் பஸ் நின்றபோது
மழைக்கு ஷட்டரை இறக்கினேன்.
நகம் போயிற்று.
கச்சேரிக்கு இன்னும் மூன்று மணி நேரம்.

பிங்பாங் பந்தில் ஒரு துண்டு வெட்டி
பசை போட்டு ஒட்டினேன்.
பத்தொன்பது வருடத் தொழிலில்
பசைக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

மன்னார்குடியில் முப்பத்தொரு பேர்.
செயலாளர் ஞானசெல்வம்
என்னைக் கீபோர்டு கலைஞர் என்றார்.
திருத்தவில்லை.

இரண்டாவது உருப்படியில் கரண்ட் போனது.
மின்விசிறிகள் அடங்க
நடவு வயல் முழுக்கத் தவளை.
ஈரத்தில் மூன்றாம் தந்தி இறங்கியிருந்தது.
அதை ஏற்றவில்லை,
மற்ற ஐந்தையும் அதனிடம் இறக்கினேன்.

இருட்டில் யாரோ
நாற்காலியை முன்னால் இழுத்தார்கள்.
பிறகு இன்னொரு நாற்காலி.

"மைக் இல்லாமலே கேட்டுச்சே சார்"
என்று கவரைக் கொடுத்தார் ஞானசெல்வம்.

கடைசி பஸ்ஸில்,
எப்போது கழன்றதோ அந்தப் பந்துத் துண்டு,
ஊர் வரைக்கும்
கிட்டாருக்குள் குலுங்கிக்கொண்டே வந்தது.