கழுவிக்கொண்டு போன கால்

பெரிய வியாழன்.
பன்னிரண்டு பேரில் ஒருவனாய்
இந்தமுறை என்னைத் தெரிந்திருந்தார்கள்.
கந்தோரால் நேரத்தோடு வெளிக்கிட்டு வந்து
நான் செய்த முதல் வேலை
குளியலறையில் குந்தி இருந்து
கல்லால் குதிக்காலைத் தேய்த்தது.
மெற்றில்டா கதவில் தட்டினாள்:
"சுவாமி கழுவத்தானே போறார்,
பிறகேன் நீங்கள் கழுவுறீங்கள்?"

நகம் வெட்டினேன். விரலிடுக்கில் பவுடர் போட்டேன்.
பித்தவெடிப்பைப் புதுச் சொக்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு
மட்டக்குளி றோட்டில்
தண்ணீர் நின்ற குழிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

கோயில் வாசலில் பை சோதிக்கிற பொடியன்
"அங்கிள், கையைத் தூக்குங்கோ" என்றான்.
ஞாயிறு தவறாமல் வாசகம் வாசிக்கிறவன் நான்,
தெரியாதோ இவனுக்கு,
என்று ஒரு கணம்.
ஒரு கணம்தான். தூக்கினேன்.

பிறகு பித்தளைத் தாம்பாளம், செம்பு, வெள்ளைத் துவாய்.
பக்கத்துக் கதிரையில்
மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிற செபமாலை.
செருப்பு வார் மறைத்த இடம் மட்டும்
அவன் புறங்காலில் வெளிறிக் கிடந்தது.
அவனைக் கழுவிய தண்ணீர் கறுத்து விழுந்தது.
என்னைக் கழுவியது
போன மாதிரியே வந்தது.
சுவாமி தாம்பாளத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

திங்கள். கோட்டையில் நாலாம் மாடி.
துறைமுகத்தில் கொள்கலன் ஒன்று நிற்கிறது,
மூன்று நாள் தாமதக் கட்டணம் ஏறி நிற்கிறது,
பத்திரத்தில் ஒரு பூச்சியம் குறைவு.
ரிஸ்மியாவின் மேசைக்கு முன்னால் நின்று
மனேஜர் கத்துகிறார்.
அவள் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு
கீழே பார்க்கிறாள்.
வந்து ஐந்து மாதம். இன்னும் நிரந்தரம் இல்லை.

அந்தப் பூச்சியத்தை விட்டவன் நான்.
வியாழன் மத்தியானம், வெளிக்கிடும் அவசரத்தில்.
கால் தேய்க்க வேண்டி இருந்ததே.

முப்பது வருஷக் கொழும்பு.
மூன்று மொழியில் கணக்குச் சொல்லுவேன்.
"என்ர பிழை" என்பதற்கு மட்டும்
ஒன்றிலும் வாய் வரவில்லை.
தொண்டைக்குள் ஒரு கல்.
குளியலறையில் வைத்த அதே கல்.
நாற்பது நாள் இறைச்சி தின்னாமல் இருந்தவன்,
நூற்றியைம்பத்தைந்தாம் பஸ்ஸில்
இரண்டு தரம் இடம் விட்டுக்கொடுத்தவன்
(ஆம், எண்ணி வைத்திருந்தேன்)
காற்றாடி சுற்றுவதையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.
எவ்வளவு நேரம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.

பிறகு எழும்பினேன்.
"ஏக்க மகே வெரத்த, சேர்."

கத்துவார் என்று நின்றேன்.
கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்,
தலை குனிந்து வாங்கியிருப்பேன்,
அந்தக் குனிவு எனக்கு அழகாயும் இருந்திருக்கும்.
"அப்ப திருத்தும்" என்றுவிட்டுப் போனார்.
ரிஸ்மியா நன்றி சொல்லவில்லை.
"அந்தப் போமத் தாங்க சேர்,
பத்து மணிக்குள்ள அனுப்பணும்."

என்னுள் ஒருவன் அப்போதும்
கதிரையில் இருந்தான்,
சொக்ஸைக் கழற்றி, காலை நீட்டி,
தாம்பாளம் வரும் என்று.

பின்னேரம் பீலியடியில் ஏழு கோப்பைகள் கிடந்தன.
கழுவுகிற பெடியன் லீவு.
கையைச் சுருட்டிக்கொண்டு தொடங்கினேன்.
மூன்றாவது கோப்பையில் திரும்பிப் பார்த்தேன்,
கதவடியில் யாரும் நிற்கிறார்களோ என்று.
யாரும் இல்லை.
அதற்காகத் திரும்பினேன் என்பதையும்
இதில் எழுதத்தான் வேண்டும்.

ரிஸ்மியாவின் கோப்பைக்கு அடியில்
தேயிலைக் கறை. பழையது.
போகாது போலிருந்தது.
இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.