சின்ன மீன், இல்லையென்றால் தூறல்

சிங்தாவ் துறைமுகத்தில் கப்பல் கட்டிக் கிடக்கிறதாம்.
சமையல்கட்டில் கூட நிற்கும் சீனாக்காரன்
எழுதிக் கொடுத்த பேரை
அறுந்தறுந்து வரும் போனில் வாசிக்கிறார் இவர்:
“சியாவ் யூ.”

குளச்சல் ஏலக்கூடத்துக்குப் பின்னால்
ஐஸ் பெட்டி அடியில் கிடைத்த பூனை.
சாம்பல் முதுகு, மீசை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை.
அதற்குள் மூன்று சாளையையும்
மைனி வைத்த ‘கள்ளி’ என்கிற பேரையும்
தின்று செரித்துவிட்டது.

யூ, குரல் மேலே போனால் மீன்.
தாழ்ந்து எழும்பினால் மழை.
சியாவ் என்றால் சின்னது.
“பாத்து விளி பிள்ளே” என்றார்.

அந்தியில் வாசலில் நின்று விளித்தேன்.
சியாவ், சியாவ்.
எதிர்வீட்டு பிரிஜித்தாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள்:
“வள்ளம் எல்லாம் கடல்ல கெடக்கு,
சாவு சாவுண்ணு ஆரட்டி விளிக்கிய?”

அன்றைக்கே சின்னதை வெட்டிவிட்டேன்.
வெறும் யூ.

விலை கூவிக் கூவி ஏறிப்போன தொண்டை எனக்கு.
பகலெல்லாம் அது மீன்தான்.
போன் வராத ராத்திரிகளில்
குரல் தானாகத் தாழும்,
எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பாது.
அப்படி ஒரு யூ அவர்கள் பாஷையில் உண்டா,
உண்டென்றால் என்ன அர்த்தம்,
இவரிடம் நான் கேட்கவில்லை.

பூனை எதற்கும் திரும்புவதில்லை.
அரிவாள்மணையில் செதில் உரசினால்
ஓட்டிலிருந்து குதித்து வரும்.
சீனச்சட்டியில் எண்ணெய் காயும் வாசத்துக்கும்.