முப்பத்தெட்டு மீட்டர்

எழுதச் சொன்னது இருபது.
என் கையில் ஓடிய குழாயில்
மீட்டருக்கொரு சிவப்பு நாடா.
எண்ணத் தெரியாதவள் இல்லை நான்.

சிலோயே தீவுக் கடலில் சால்மன் கூண்டுகள்.
அடியில் செத்துக் கிடந்த மீனை அள்ளி வர
எலிசேயோ மில்லாலோங்கோ இறங்கினான்,
அன்றைக்கு நான்காம் முறை.
மேலே படகில்
அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

கடலுக்கு ஒரு சட்டம் உண்டு: மெதுவாக ஏறு.
யாரும் கைதூக்கி நிறைவேற்றியதல்ல.
மீறினால் முழங்காலிலேயே
தீர்ப்பை எழுதிவிடும்.

மேஸ்திரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
குழாயை இழுத்தேன். ஏறினான்.
அந்த இழுப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

இப்போது அவன் இடுப்புக்குக் கீழே
வேறு யாருடைய கால்களோ.
கம்பெனி சொல்கிறது:
அவர் எங்கள் ஊழியர் அல்லர், சுயதொழில் செய்பவர்.
ஆமாம், சொந்தமாக ஒரு ரப்பர் உடுப்பு வைத்திருந்தான்;
கக்கத்தில் நான்தான் ஒட்டுப் போட்டேன்.

வலையில் விரலளவு ஓட்டை என்றால்
இருட்டுவதற்குள் ஆளை இறக்கித் தைக்கிறார்கள்,
ஒரு மீன் தப்பிவிடக் கூடாதாம்.
சட்டத்திலோ
ஒரு கம்பெனியே படகோடு புகுந்து போகிற ஓட்டை.
அதைத் தைக்க
வால்பரைசோ நாடாளுமன்றத்தில் யாரை இறக்குவது,
எத்தனை மீட்டர்?

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்.
பேரேடு என் மடியில்; பேனா மேஸ்திரியுடையது.
அடுத்த மாதம் எனக்கு இந்தப் படகு இருக்காது.

முப்பத்தெட்டு.
எண்ணால் ஒரு தரம்.
அழிக்க வருகிறவனுக்குக் கொஞ்சம் வேலை கூடட்டும் என்று
எழுத்தால் ஒரு தரம்.