எண்ணிக்கை

எதிர்க்கட்சிக்காரர்கள் மதியமே சொல்லிவிட்டார்கள்,
கை தூக்குகிறோம் என்று.
இடிப்பது நம் ஆட்கள்தான்.
அதனால் இரவு ஒன்பது மணிக்கு
சுங்கை கெம்பாஸ் பட்டணத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.
பின்சீட்டில் தலைவர், மடியில் வீட்டுரிமை மசோதா,
பக்கத்தில் ஒரு கூடை ஆரஞ்சு,
சீனப் பெருநாள் முடிந்து விலை விழுந்தது.

செம்பனை ஆலையின் வாடை
கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும்.
தலைவர் தைலம் தேய்த்துக்கொண்டார்.
எனக்கு ஒன்றும் செய்யாது,
நான் பிறந்த வாடை அது.

ஒய்பி குணாளன் வீட்டில்
கிரில் கதவுக்கு உள்ளிருந்தே மனைவி பேசினார்.
காய்ச்சலாம். மாத்திரை போட்டுத் தூங்குகிறாராம்.
மாடித் தொலைக்காட்சியில் யாரோ கோல் போட்டார்கள்.
காய்ச்சல்காரர் துள்ளிக் குதித்தது
காருக்குள் இருந்த எனக்கே கேட்டது.
தலைவர் கம்பி வழியே
ஆரஞ்சை ஒவ்வொன்றாக நீட்டினார்.
"உடம்பைப் பார்த்துக்கச் சொல்லும்மா,
நாளைக்குப் பத்து மணிக்கு ஓட்டு."

ஒய்பி பத்துமலை மாமாக் கடையில் காத்திருந்தார்.
தலைவர் சொல்லுக்கு மறுசொல் உண்டா என்று
தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார்.
தே தாரேயில் நுரை இருந்தவரை
கட்சியின் பழைய நாள்கள் வந்தன.
நுரை அடங்கியதும் மச்சான் பெயர் வந்தது,
தண்ணீர் வாரியம் வந்தது,
ரொட்டி சானாய் இரண்டு தட்டு வந்தது,
பில் வந்தது, தலைவர் கொடுத்தார்.
சரி என்ற ஒரு சொல் மட்டும்
கடைசிவரை மேசைக்கு வரவில்லை.

"பகையாளி காப்பி ஊத்துறான்,
பங்காளி நாயை அவுத்து விடுறான்"
என்றார் காரில் ஏறியதும்.
நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.
சில நேரம் பார்க்காமல் இருப்பதும்
சம்பளத்தில் சேர்த்தி.

தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் ஒய்பி தவமலர் வீடு.
கூப்பிடும் முன்பே கதவைத் திறந்தார்.
மசோதா முழுக்கப் பென்சில் கோடு.
"பின்னிணைப்பு மூணாம் பக்கம் படிச்சீங்களா ஐயா?
கீழ் டிவிஷன் எங்கே?"

அங்கே ஆள் இல்லை என்று
கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதாம்.

"முப்பத்தெட்டுக் கதவு. முந்தாநாள் நடந்து எண்ணினேன்."

தலைவர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார்.
இப்போது ஒரு வரியைத் தொட்டால்
எதிர்க்கட்சி நழுவிவிடும்,
அடுத்த கூட்டத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றார்.
அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை
என்று வாசலில் நின்ற எனக்குத் தோன்றியது.

"அடுத்த கூட்டம்னு எங்கிட்டே சொல்லலாம்.
அவங்ககிட்டே யார் சொல்றது?
வாங்க, இப்பவே போவோம்."

மணி பதினொன்றரை ஆகிவிட்டது என்றார் தலைவர்.
அவர் கொண்டுவந்த ஆரஞ்சையே உரித்து
பாதியை அவரிடம் கொடுத்தார் தவமலர்.
இரண்டு பேரும் கொட்டையைத் துப்பாமல்
கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் செம்பனைக் குலை லாரி,
முந்த இடம் தரவில்லை.
ஒரு பழம் உதிர்ந்து சக்கரத்தில் நசுங்கியது.
"ஏம்ப்பா ஆதிமூலம்,
கீழ் டிவிஷன்ல நெசமாவே ஆள் இருக்கா?"

ஒன்பது வருஷம் அவருக்கு ஓட்டியிருக்கிறேன்.
எந்த ஊர் என்று கேட்டதில்லை.

"நாப்பது கதவுங்க ஐயா.
ஒய்பிம்மா ரெண்டை விட்டுட்டாங்க.
தண்ணித் தொட்டிக்குப் பின்னால,
ரோட்டுலேருந்து தெரியாது.
ஒண்ணு என் அண்ணன் வீடு."

தொலைபேசி அடித்தது. எதிர்க்கட்சித் தலைவர்.
எங்கள் பக்கம் சரி, உங்கள் பக்கம் எத்தனை என்று
காருக்கே கேட்கும்படி கேட்டார்.
"எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

லாரி ஆலைக்குள் நுழைந்ததும்
முன்னால் சாலை வெறுமையாக நீண்டது.
ஒரு கொட்டையை ஜன்னல் வழியே எறிந்துவிட்டுத்
திரும்பு என்றார்.

எங்கே என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
லயத்துப் பாதை குண்டும் குழியும்.
கூடையில் மிஞ்சிய ஆரஞ்சுகள்
பின்சீட்டில் உருளத் தொடங்கின.