டியூப் மட்டம்

போர்வெல் காற்றைக் கக்குவது முதலில் எனக்குத்தான் தெரியும்.
பஞ்சாயத்து மோட்டார் போடுகிறவள் நான்.
குழாய் இருமும். அப்புறம் செம்மண் துப்பும்.
அப்புறம் ஒன்றும் சொல்லாது.

ஊருணி இல்லாமலில்லை.
நாலு பக்கமும் செம்புறாங்கல் படி,
நடுவில் சீமைக்கருவேலம், ஆடுகள்.
வரத்துக்கால்தான் செத்துக் கிடந்தது:
அரண்மனை ஓட்டலின் கார்கள் அதன்மேல் நின்றன,
தைலமரக் காடு வரப்பைப் போட்டு மறித்திருந்தது,
மிச்சம் அரை மைல் காலனிக்குள் தூர்ந்திருந்தது.
அந்த அரை மைலை வெட்டக் காலனி ஆட்கள் வேண்டும்.
காலனி ஆட்கள் அந்தப் படியில் இறங்குவது என்றால்...
இந்த வாக்கியத்தை முடிக்காமலே
எண்பது வருஷம் நடந்திருக்கிறது எங்கள் ஊர்.

கூட்டத்தில் சூசையம்மாள் எழுந்தாள்.
ஆத்தங்குடிக் கல் பட்டறையில்
கண்ணாடிமேல் சாயம் ஊற்றுகிறவள், நகமெல்லாம் பச்சை.
"வெட்டுறோம். வெட்டுன தண்ணிய மோந்துக்குவோம்.
அதே படியில."
உட்கார்ந்துவிட்டாள்.

தனிப் படித்துறை கட்டித் தருகிறேன் என்றார்
இரும்புக்கடை வயிரவன்; பலகையில் பேர் போட்டால் போதுமாம்.
தேர்தல் முடியட்டும் என்றது ஒரு குரல்.
ஒருவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

மனம் மாறியது என்று எழுத எனக்கும் ஆசைதான்.
மாறியது விலை. லாரித் தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்.
மனம் பின்னால் வந்தது, சிலருக்கு.
சிலருக்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை.

ஆனால் விலைக்கு முன்பே
நூறு நாள் வேலைப் பெண்கள் ஒரே மரத்தடியில்
தூக்குச்சட்டி மாற்றிச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.
ஓட்டலில் படுக்கை விரிக்கிற பதினோரு பேரும்
ஒரு காலை வேலைக்குப் போகவில்லை.
பத்தரை மணிக்கு மேலாளரே கடப்பாரையோடு வந்து
கார் நிறுத்தும் கல்லைப் பெயர்த்தார்.
சேக்தாவூது டீசலுக்கு மட்டும் ஜேசிபி ஓட்டினான்.
தைலமரத்துக்கு மனு போட்டிருக்கிறோம்.
பதில் இல்லை. அது அடுத்த சண்டை.
இப்போதைக்குச் சுற்றிக்கொண்டு போகிறது கால்.

வாட்டம் பார்க்க வந்தவள் மேஸ்திரி சின்னக்கிளி.
காலனிதான். காரைக்குடியில் மூன்று மாடி கட்டிய கை.
டியூபை வாயில் வைத்து
தண்ணீரை உறிஞ்சி இழுத்தாள், எல்லோரும் செய்வதுபோல.
மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.
பக்கத்தில் நின்றது வயிரவன்.

அவள் வாய்பட்ட தண்ணீர்
டியூபுக்குள் நாற்பது அடி நடந்து
அவர் கட்டைவிரலுக்குக் கீழே வந்து ஆடியது.
"விரலை எடுங்க.
அடைச்சா மட்டம் பொய் சொல்லும்."
எடுத்தார்.
ஒரு நிமிஷம் அங்குமிங்கும் அலைந்துவிட்டு
இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நின்றது.
அவர் தன் முனையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தார்.
டியூப்தான் உயர்ந்தது.

ஐப்பசியில் வந்தது தண்ணீர்.
முதலில் நுரை, பிளாஸ்டிக் கப், ஒற்றைச் செருப்பு,
பிறகு பால் விட்ட டீயின் நிறத்தில் ஒரு ராத்திரி முழுக்க.
தெளிய எட்டு நாள்.
யார் காவல், யார் எந்த வாரம் தூர் எடுப்பது என்று
அதற்குள் இரண்டு சண்டை; நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
மேலத்தெருவில் நாலு வீடு இன்னும் லாரிக்குக் காத்திருக்கிறது.

மண் சட்டியோடு இருபத்தெட்டு நாள்
அந்தப் படியில் ஏறி இறங்கியவள்தான் சூசையம்மாள்.
குடத்தோடு இது முதல் தடவை.
சத்தமாக எண்ணிக்கொண்டே இறங்கினாள்.
மேலே நின்ற நாங்கள் வாய்க்குள் எண்ணினோம்.

பதினேழு.
பதினெட்டாவது
தண்ணீருக்குள் இருந்தது.